ஒரே பெட்டி, ரெண்டு ஊர்: பிளாப்பி எமுலேட்டர் பற்றிச் சில குறிப்புகள்

என் மேசை மேல் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. பழைய மூன்றரை அங்குல பிளாப்பி டிரைவின் அதே அளவு, அதே திருகாணி ஓட்டைகள், பின்னால் அதே 34 முள் கனெக்டர். முன்னால் மட்டும் பிளாப்பி நுழையும் வாய் கிடையாது. அந்த இடத்தில் ஒரு பென் டிரைவ் செருகும் ஓட்டை, ரெண்டு பொத்தான், சிவப்பு எண் காட்டும் சின்னத் திரை. கோட்டெக் என்பது இந்த வகைப் பெட்டிகளில் பேர்போன சீனத் தயாரிப்பு. மெஷினுக்கு உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் இதைப் பிளாப்பி டிரைவ் என்றே நம்பும். உண்மையில் பென் டிரைவில் இருக்கிற கோப்பை இது பிளாப்பி மாதிரி சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் பெட்டிக்கு ரெண்டு வாழ்க்கை உண்டு. ஒன்று, இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ ஒரு ஐம்பது வயதுக்காரர் வீட்டு மாடியில். அவர் இதைத் தன்னுடைய அமிகாவிலோ அட்டாரி எஸ்டியிலோ பொருத்தி, சின்ன வயசில் விளையாடின கேமை மறுபடி விளையாடுகிறார். இன்னொன்று எங்கள் பக்கம். கருமத்தம்பட்டியில் இருந்து சோமனூர் போகிற வழியில், திருப்பூர் போகிற வழியில், எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிற குடோன்களில். இங்கே இதற்கு யாரும் பெயர் வைத்து நான் கேட்டதில்லை. "பென் டிரைவ் டப்பா", அவ்வளவுதான்.

முதல் வகைக்காரர்கள் எழுதுவதையெல்லாம் பத்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டாவது வகை என் வீட்டில் இருந்து ரெண்டு கிலோமீட்டரில் இருப்பதைப் போன மார்கழியில்தான் சரியாகப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றி. பழைய கணினிப் பிரியர்கள் செய்து வைத்திருக்கும் ரெண்டு வேலைகளை, ஃபிளாஷ்ஃபிளாப்பி, கிரீஸ்வீசில் என்ற ரெண்டையும், நம்ம ஊர் குடோனில் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று எழுதுகிறேன். நானும் அந்தப் பிரியர் கூட்டத்தில் ஒருத்தன்தான், அதனால் திட்டினால் பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பெட்டியின் கதை. பிளாப்பி எமுலேட்டர்கள் பொழுதுபோக்குக்காகப் பிறந்தவை அல்ல. எம்பிராய்டரி மெஷின், சிஎன்சி, இசைக் கீபோர்டு என்று பிளாப்பியை நம்பி விற்கப்பட்ட கருவிகள் இருபது முப்பது வருஷம் உழைக்கும். பிளாப்பி அவ்வளவு நாள் உழைக்காது. சோனியே 2011-இல் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. மெஷினின் இரும்பு நன்றாக இருக்கும்போது டிரைவ் மட்டும் செத்தால் என்ன செய்வது? அந்தத் தேவைக்கு வந்ததுதான் இந்தப் பெட்டி. அதாவது இது முதலில் நம்ம ஊர் ஆள். பிறகுதான் சீமைக்குப் போச்சு.

சீமையில் என்ன நடந்தது என்றால், உள்ளே இருக்கிற சிப் ஒரு சாதாரண ஏஆர்எம் மைக்ரோகன்ட்ரோலர் என்று கண்டுபிடித்தார்கள். எஸ்டிஎம்32 குடும்பம், பிற்பாடு வந்தவற்றில் ஆர்ட்டரி நிறுவனத்தின் ஏடி32. அப்படியென்றால் உள்ளே இருக்கிற ஃபர்ம்வேரைத் தூக்கிவிட்டு நம்முடையதைப் போடலாம் அல்லவா? பிரான்சைச் சேர்ந்த ஜான் ஃபிரான்சுவா டெல் நீரோ தன்னுடைய எச்எக்ஸ்சி ஃபர்ம்வேரை இதற்குக் கொண்டுவந்தார், பெட்டிக்கு ஒரு லைசென்ஸ் என்று காசுக்கு. அப்புறம் கீர் ஃபிரேசர் ஃபிளாஷ்ஃபிளாப்பியை எழுதினார். இலவசம், மூலநிரல் திறந்தது, பொதுச்சொத்தாகவே அறிவித்துவிட்டார். இந்தக் கீர் ஃபிரேசர் யார் என்று தேடிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கேம்பிரிட்ஜில் ஸென் ஹைப்பர்வைசரை உருவாக்கியவர்களில் ஒருத்தர். அமேசானின் கிளவுட் ஆரம்பத்தில் ஓடியது ஸென் மேல்தான். என்னைப் போல மென்பொருள் வேலையில் இருக்கிறவன் தின்ற சோற்றில் அவர் போட்ட உப்பு இருக்கிறது. அந்த மனிதர் ஓய்வு நேரத்தில் பிளாப்பிக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறார்!

எழுதினது சாதாரண எழுத்தும் இல்லை. ஃபிளாஷ்ஃபிளாப்பியின் நிரலைப் படித்துப் பார்த்தேன். கச்சிதமான சி. தேவையில்லாத அடுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். பிளாப்பி கேபிளில் 34-ஆம் முள் என்று ஒன்று உண்டு. ஐபிஎம் பிசியில் அதற்கு அர்த்தம் "பிளாப்பியை மாற்றிவிட்டார்கள்". அதற்கு முந்தைய ஷுகார்ட் முறையில் அதே முள்ளுக்கு அர்த்தம் "டிரைவ் தயார்". ஷுகார்ட் முறையில் "தயார்" என்ற சைகைக்காகக் காத்திருக்கும் மெஷினில் பிசி டிரைவை வாங்கிப் பொருத்தினால், அது ஜென்மத்துக்கும் காத்துக்கொண்டே இருக்கும். மெக்கானிக் "போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஃபிளாஷ்ஃபிளாப்பியில் இந்த முள்ளுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு உரைக்கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். சாலிடரிங் வேண்டாம். அமிகாவுக்கும் அட்டாரிக்கும் பழைய சின்தசைசருக்கும் என்று யோசித்துச் செய்த அந்த ஒரு வரி, எந்த ஊர் குடோனுக்கும் பொருந்தும்.

ஆனால் அது குடோனுக்கு வந்து சேரவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "ரெட்ரோ" என்ற சொல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் ஒட்டாது. சீமைக்காரருக்கு அது தன் வீட்டு வரவேற்பறை. டிவியில் பொருத்தின ஸ்பெக்ட்ரம், அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் விளையாடின சாயங்காலம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு இருப்பது பள்ளிக்கூடத்தில் ஒரு ரூம். வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே ஏசி. அந்த ஊரிலேயே நான் பார்த்த முதல் ஏசி அதுதான். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு நாலு பேர். தொடுவது ஒருத்தன், மற்ற மூணு பேரும் பார்ப்பது. அந்த மெஷின் பிபிசி மைக்ரோ என்று எனக்குத் தெரியவந்தது காலேஜ் முடித்து ரொம்ப நாள் கழித்து.

அது எப்படி வந்தது என்றால், 1984-85-இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் கணினி அறிவு என்பது நோக்கம். பிரிட்டனில் 1981 கடைசியில் ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போன மெஷின்கள் சுமார் 12,000. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் லிமிடெட் உரிமம் வாங்கி அதையே யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே தயாரித்தது. 1989 பிப்ரவரியில் அந்தத் தொழிற்சாலை தீப்பிடித்தது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிபிசி மைக்ரோவுக்கு இன்று பிரியர்கள் செய்திருக்கும் வேலை மலைக்க வைக்கும். பிரௌசரிலேயே ஓடுகிற எமுலேட்டர் உண்டு. மேட் காட்போல்ட் எழுதினது. ராஸ்பெர்ரி பையை அந்த 2 மெகாஹெர்ட்ஸ் மெஷினுக்கு ரெண்டாவது பிராசஸராகப் பொருத்துகிற திட்டம் உண்டு. எமுலேட்டரைத் திறந்து "பீப்" சத்தம் கேட்டதும் எனக்கும் ஒரு நொடி அந்த ஏசி வாசம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நொடியே, இதில் எனக்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. அந்தக் கேம்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த ஏசி ரூமில் எங்களுக்குக் கேம் காட்டினதே இல்லை.

சரி, வந்ததுக்கு ஒன்று செய்வோம் என்று அதில் தமிழ் எழுதிப் பார்த்தேன். பிபிசி பேசிக்கில் விடியூ 23 என்று ஒரு கட்டளை. எட்டுக்கு எட்டு புள்ளியில் நமக்கு வேண்டிய எழுத்தை வரைந்துகொள்ளலாம். 'ப'வும் 'ட'வும் சுலபம், கோடு போட்டால் முடிந்தது. 'ஞ' வரைய உட்கார்ந்து அரை மணி நேரம் போச்சு. வந்தது தேள் மாதிரி இருந்தது. அதோடு, சும்மா இருக்கிற நிலையில் அந்த மெஷின் 32 எழுத்துக்குத்தான் இடம் தரும். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். 'ஔ'வை ரெண்டு துண்டாக எழுதினாலும் உயிர் பதினொன்று, ஆய்தம் ஒன்று, மெய்க்குப் பதினெட்டு, கால், கொம்பு, புள்ளி வகையறா ஏழு. இதுவரை 37. இதோடு உகர ஊகாரத்துக்கு 36 தனி வடிவம். 73 ஆச்சு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 'ணா', 'லை' போன்றவற்றின் பழைய வடிவங்களை எடுத்த பிறகும் இந்தக் கணக்கு. கூடுதல் இடத்தை மெஷினிடம் கேட்டு வாங்கலாம், ஆனால் அது நம் நிரலுக்கான நினைவகத்தைத் தின்னும். 32 கிலோபைட் மொத்தத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஏன் எங்கள் பெயரை ஆங்கிலத்தில் மட்டுமே அடித்தோம் என்பதற்கு முப்பது வருஷம் கழித்துக் கிடைத்த பதில் இது. எமுலேட்டர் எனக்குத் தந்த ஒரே உருப்படியான விஷயமும் இதுதான்.

இப்போது குடோனுக்கு வருகிறேன்.

போன மார்கழியில் ஒரு காலை, தெரிந்த அண்ணன் ஒருத்தர் கூப்பிட்டார். பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மெஷின் ஒன்று வைத்திருக்கிறார், பழசு. பிராண்டு வேண்டாம், மெஷின் மேல் தப்பில்லை.

"தம்பி, பென் டிரைவுல ஒண்ணுமே இல்லைங்குது. மயில் கேட்டா வர மாட்டேங்குது. நீ வந்து ஒருக்கா பாரேன்."

போய்ப் பார்த்தேன். நடந்தது இதுதான். டப்பாவில் இருந்த பென் டிரைவ் பழசாகிவிட்டது என்று அவருடைய தங்கை மகன் புதுசு வாங்கி வந்து, கம்ப்யூட்டரில் செருகி, பழசில் இருந்ததைப் புதுசுக்குக் காப்பி பண்ணிவிட்டு, பழசை ஃபார்மேட் செய்து தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டான். பையன் செய்தது நம்மில் யாரும் செய்வதுதான். ஆனால் இந்த வகை டப்பாக்களில் பென் டிரைவை வெட்டி வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நூறு பிளாப்பிகளாக வைத்திருப்பார்கள். விண்டோஸ் கண்ணுக்கு முதல் துண்டு மட்டும்தான் தெரியும். அவன் காப்பி எடுத்தது 00-ஆம் எண் பிளாப்பியை. மீதி 99 போச்சு. நான் போவதற்குள் பழைய டிரைவில் நாலு ஜிபி பாட்டும் ஏறியிருந்தது.

"பழைய பிளாப்பி ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?"

"மேல ஒரு டப்பா கெடக்குது. போகிக்குப் போட்டுரலாம்னு இருந்தேன்."

நல்லவேளை போகிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

டப்பாவில் 64 பிளாப்பி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் டிரைவ். நான் ரொம்ப உற்சாகமாக என் மேசையில் இருந்த கோட்டெக்கில் ஃபிளாஷ்ஃபிளாப்பியை ஏற்றி, எண் திரையைக் கழற்றிவிட்டு, கோப்பின் பெயரையே காட்டுகிற சின்ன ஓஎல்இடி திரை ஒன்றும், திருகுகிற குமிழ் ஒன்றும் வைத்து எடுத்துப் போனேன். பிரியர்கள் எல்லோரும் செய்வது. எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், பெயரைப் பார்த்து எடுக்கலாம், எவ்வளவு வசதி! 34-ஆம் முள் வரியை மாற்றினதும் மெஷின் ஏற்றுக்கொண்டது. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆபரேட்டர் முகம் சரியில்லை. ஒடிசாவில் இருந்து வந்து ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிற பையன். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்க வராது. ஆங்கிலமும் அவ்வளவாக வராது. அவன் சுவரைக் காட்டினான். சுவரில் ஒரு அட்டை. அட்டையில் வரிசையாக எண், ஒவ்வொரு எண் பக்கத்திலும் அந்த டிசைன் தைத்த ஒரு சின்னத் துணித்துண்டு பின் குத்தியிருந்தது. 37, ஒரு மயில். 52, ஒரு மாங்காய். அந்த அட்டைதான் அவனுடைய திரை. சொல்லப்போனால் நான் வைத்த ஓஎல்இடியைவிட அது நல்ல திரை. நிறமும் தெரியும், அளவும் தெரியும், தொட்டும் பார்க்கலாம். நான் என்ன செய்திருக்கிறேன்? அந்த மொத்த ஏற்பாட்டையும் பிடுங்கிவிட்டு, அரை அங்குல உயரத்தில் ஆங்கில எழுத்தை ஓட விட்டிருக்கிறேன்.

சீனத் தொழிற்சாலையின் எண் திரையைப் பிரியர்கள் ஏளனமாகப் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். அது கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். குடோனில் நின்று பார்த்தால் அது வேறு. எந்த மொழிக்காரனும் படிக்கக் கூடிய ஒரே விஷயம் எண். எண்ணெய்க் கையோடு ரெண்டு பொத்தானை அமுக்க முடியும், குமிழை நுணுக்கித் திருகவா முடியும்? கஞ்சத்தனமாகவே இருக்கட்டும், விளைவு சரி.

இங்கே ஃபிளாஷ்ஃபிளாப்பிக்கு ஒரு நல்ல பெயர் கொடுத்தே ஆக வேண்டும். கீர் ஃபிரேசர் பழைய வழியை மூடவில்லை. கோப்புகளுக்கு வரிசை எண்ணோடு ஒரு குறிப்பிட்ட பாணியில் பெயர் வைத்தால், அதே எண் திரையில் அதே எண்ணைக் காட்டுகிற முறையும் உள்ளே இருக்கிறது. குமிழையும் ஓஎல்இடியையும் கழற்றி என் பைக்குள் போட்டேன், சிவப்பு எண் திரையைத் திரும்ப வைத்தேன். 37 மறுபடி மயில். பையன் சிரித்தான். ஆனால் இப்போது அந்தப் பென் டிரைவ் சாதாரணமான பென் டிரைவ், உள்ளே சாதாரணமான கோப்புகள். தங்கை மகன் இனி காப்பி எடுத்தால் அது நிஜமாகவே காப்பி. இந்த ஃபர்ம்வேரின் உண்மையான பெருமை இதுதான் என்பேன், ஓஎல்இடி இல்லை. ஆனால் அதைப் பற்றி எழுதுகிற ஆட்களின் படங்களைப் பாருங்கள்: பத்துக்கு ஒன்பது ஓஎல்இடி படம். டிரைவின் தலை நகரும் "கட் கட்" சத்தம் வரவேண்டும் என்று சின்ன ஸ்பீக்கர் வைக்கிற வசதிகூட இருக்கிறது. அதற்கும் படம் உண்டு. பன்னிரண்டு தலை ஒரே நேரத்தில் தைக்கிற இடத்தில் அந்த ஸ்பீக்கரை வைத்தால் யார் காதில் விழும் என்று தெரியவில்லை.

என் குறை இதுதான். இந்தத் திட்டத்தின் விளக்கக் குறிப்புகள் முழுக்கத் தன்னைப் போன்ற ஒருத்தருக்காக எழுதப்பட்டவை. கணினி எந்த வகை, எந்த வருஷ மாடல் என்று தெரிந்தவர், ஆங்கிலம் படிப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க முடிந்தவர். மெஷின் நின்றால் அன்றைய ஜாப் ஒர்க் கூலி போகும் என்கிற ஆளை அதில் காணோம். இது கெட்ட எண்ணம் இல்லை. பொழுதுபோக்கு என்றாலே அப்படித்தான். தனக்கு வேண்டியதைச் செய்கிறான். ஆனால் பெட்டியை இவர்கள் குடோனில் இருந்துதான் எடுத்தார்கள் என்பதை நினைத்தால், திருப்பிக் கொடுக்க ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம். எழுதாதது அவர்கள் தப்பா, இங்கே இருந்துகொண்டு எழுதாத என் தப்பா என்று கேட்டால், ரெண்டாவதுதான் பெரிசு. அதனால் அந்த 34-ஆம் முள், எண் முறை, காப்பி எடுப்பது எல்லாவற்றையும் தமிழில் ரெண்டு பக்கம் எழுதி அண்ணன் குடோன் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இனி அந்த 64 பிளாப்பி.

தறிக்குடோன் பக்கத்தில் இருக்கிற எந்தப் பொருளையும் போலப் பஞ்சுத் தூசி அடைத்துக் கிடந்தன. கம்ப்யூட்டரில் சும்மா செருகினால் விண்டோஸ் கேட்கும்: "இந்தப் பிளாப்பி ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யட்டுமா?" உலகத்தில் இவ்வளவு தகவலை அழித்த கேள்வி வேறு இருக்காது. அதனால் செருகவே இல்லை. கிரீஸ்வீசிலை எடுத்தேன். அதுவும் கீர் ஃபிரேசர் செய்ததுதான், 2019-இல் ஆரம்பித்தது. தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. ஒரு பக்கம் யுஎஸ்பி, ஒரு பக்கம் பழைய பிளாப்பி டிரைவ்.

இதன் வேலை முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண கன்ட்ரோலர் பிளாப்பியில் இருக்கிற காந்த மாற்றங்களைப் படித்து, உடனே அர்த்தம் பண்ணி, அர்த்தமாகாததைப் "படிக்க முடியவில்லை" என்று தள்ளிவிடும். கிரீஸ்வீசில் அர்த்தமே பண்ணாது. ஒரு காந்த மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று மட்டும் அளந்து எழுதும். 1.44 எம்பி பிளாப்பி என்றால் அந்த இடைவெளி 2, 3 அல்லது 4 மைக்ரோவினாடிக்கு அருகில் இருக்க வேண்டும். 2.5 வந்தால் அது ரெண்டா, மூணா? அந்த முடிவை அப்போதே எடுக்காது. ஒரே டிராக்கை மூணு சுற்றுச் சுற்றிவிட்டு மூணையும் எழுதி வைத்துக்கொள்ளும். யோசனையெல்லாம் அப்புறம், நிதானமாக, பிளாப்பியைத் தொடாமல். செல்லரித்த சுவடியைப் பெயர்த்தெழுதுகிறவர் தனக்குப் புரியாத எழுத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதி வைப்பது மாதிரி. நிமிஷக் கணக்கில் முடிகிற வேலைக்கு முன்னால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைத்துப் பிளாப்பியைத் துடைப்பது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் டிரைவின் தலையைத் துடைப்பது எல்லாம் உண்டு. அதில்தான் ரெண்டு வாரம் போனது.

64-இல் 51 முழுசாக வந்தன. 9-இல் அங்கங்கே ஓட்டை. 4 வரவில்லை. வந்தவற்றிலும் சிலவற்றில் கோப்புகளின் பட்டியல் இருக்கிற பகுதி மட்டும் அழிந்திருந்தது. டிசைன் உள்ளே இருக்கிறது, முகவரி இல்லை. இங்கே உதவினது டிஎஸ்டி என்ற கோப்பு வடிவத்தின் எளிமை. ஆரம்பத்தில் 512 பைட் தலைப்பு, அது எப்போதும் எல், ஏ என்ற ரெண்டு எழுத்திலும் ஒரு முக்காற்புள்ளியிலும் தொடங்கும். அப்புறம் தையல் ஒன்றுக்கு மூணு பைட். மொத்த பிளாப்பியிலும் அந்த ரெண்டு எழுத்தைத் தேடினால் டிசைன் ஆரம்பிக்கிற இடம் தெரிந்துவிடும். தையல் எண்ணிக்கையும் தலைப்பிலேயே இருப்பதால் முடிகிற இடமும் தெரியும். முப்பது வரி பைத்தான்.

அந்த மூணு பைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஊசி எவ்வளவு நகர வேண்டும் என்பதை 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களால் சொல்கிறது. ஒவ்வொன்றையும் கூட்டலாம், கழிக்கலாம், விடலாம். இரண்டு தட்டுத் தராசு இருந்தால் கொஞ்சம் எடைக்கல்லை வைத்து எல்லா எடையையும் நிறுக்கும் புதிர் ஞாபகம் வருகிறதா? அதேதான். 5 வேண்டுமென்றால் ஒரு தட்டில் 9, எதிர்த்தட்டில் 3-ம் 1-ம். எல்லாக் கல்லையும் ஒரே தட்டில் வைத்தால் 121. அலகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று என்பதால் ஒரு தையல் ஒரு திசையில் அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர். இது துளை போட்ட காகித நாடாவின் காலத்தில் இருந்து வந்த முறை. ஜக்கார்டு அட்டையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஜக்கார்டில் பாவு நூலைத் தூக்கச் சொன்ன ஓட்டை, இங்கே ஊசியை நகர்த்தச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரட்டை எண்முறை கற்றுக்கொடுத்தவர்கள், மும்மை எண்முறை என்று ஒன்று பக்கத்து ஊர்க் குடோனிலேயே ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் டிஎஸ்டியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிறம் கிடையாது. "நில், நூலை மாற்று" என்று மட்டும் சொல்லும். எந்த நூலுக்கு என்று சொல்லாது. 51 பிளாப்பியையும் சுத்தமாக மீட்ட சந்தோஷத்தில் இருந்த எனக்கு அண்ணன் கேட்டதும்தான் உறைத்தது. "மயிலுக்குக் கழுத்து என்ன ப்ளூ தம்பி?" அது கோப்பில் இல்லை. பஞ்சிங் மாஸ்டருக்குத் தெரியும். அவர் சூரத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆச்சு. கடைசியில் எங்கே இருந்தது என்றால், பிளாப்பியின் லேபிளில். பென்சிலில், சின்ன எழுத்தில், நூல் கம்பெனியின் நிற எண்கள் வரிசையாக. நான் ஆல்கஹால் துடைக்கும்போது ஏழெட்டு லேபிளை நனைத்து உரித்து எறிந்திருந்தேன்.

பழைய கேம் சேகரிக்கிறவர்கள் பிளாப்பியைப் படிப்பதற்கு முன்னால் லேபிளை முன்னும் பின்னும் ஸ்கேன் எடுப்பார்கள். அட்டைப்பெட்டி, உள்ளே வந்த துண்டுச்சீட்டு வரைக்கும் எடுப்பார்கள். அதைப் பார்த்து "விக்கிரக ஆராதனை" என்று நானே ஒரு பதிவில் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர்களுக்கு ஞாபக ஏக்கமாக இருந்தது, இங்கே தொழில் விவரமாகிவிட்டது. கிரீஸ்வீசில் மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தமும் இதை ஒட்டித்தான். காந்தத்தை இவ்வளவு மரியாதையோடு படிக்கிற கருவி, ஆரம்பிக்கும்போது "லேபிளைப் படம் எடுத்தாயா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கமாண்ட் லைனில் ஒரு கேள்வி கேட்பது பெரிய காரியமா? ஒரு திருத்தமாக எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஏற்பார்களோ சிரிப்பார்களோ.

வராத நாலு பிளாப்பியில் ஒன்றில் லேபிள் நன்றாக இருக்கிறது: ஆறு நிற எண், கீழே "தேர் – பெரிசு". டிராக் பூஜ்யத்தில் ஒரு கீறல் தெரிகிறது, அதைத் தாண்டினால் மீதி இருக்கலாம். அண்ணன் அதைத் தைத்து இருபது வருஷம் இருக்கும் என்கிறார். தைத்த துணி ஒன்றும் கையில் இல்லை. டிரைவுக்கு டிரைவு தலையின் வரிசை கொஞ்சம் மாறும், அதனால் ஒன்றில் வராதது இன்னொன்றில் வருவது உண்டு. உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ரெண்டு டிரைவ் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போய் வாங்கி வரணும்.